முதல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

அத்தியாயம் 6: உங்கள் பொருளின் பெயரைப் பதிவு செய்வதும் காப்பதும்

வீட்டில் இட்லிப் பொடி இடித்து அக்கம்பக்கத்தில் விற்றீர்கள். இப்போது நாலைந்து கடைகளுக்குச் சரக்குப் போடும் அளவுக்கு வளர்ந்திருக்கிறீர்கள். பாக்கெட்டில் ஒரு பெயர் இருக்கிறது. கடைக்கு வருபவர் "இட்லிப் பொடி குடுங்க" என்று கேட்காமல் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கத் தொடங்கியிருந்தால், அது இனி உங்கள் சொத்து. மாவு மிஷினுக்குப் பூட்டுப் போடுகிற நாம் பெயருக்குப் பூட்டுப் போட மறந்துவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்தப் பூட்டைப் பற்றியது. பெரும்பாலான வேலையை நீங்களே செய்யலாம். வழக்கறிஞர் இல்லாமல் இறங்கக் கூடாத இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

சட்டம்: இவ்வளவு தெரிந்தால் போதும்

1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம், கட்டணம், கெடு எல்லாம் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கின்றன. பேச்சு வழக்கில் எல்லோரும் டிரேட்மார்க் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

இந்தியாவில் ஒரு பெயருக்கு இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. ஒன்று, பதிவு செய்து பெறுவது. இன்னொன்று, பதிவே இல்லாவிட்டாலும் நீண்ட நாள் உபயோகத்தால் வருவது. அடுத்தவர் தன் சரக்கை உங்கள் சரக்கு என்று மக்களை நம்பவைத்து விற்றால், பதிவு இல்லாமலேயே வழக்குப் போடலாம். நீதிமன்றத்தில் இதை 'பாஸிங் ஆஃப்' வழக்கு என்பார்கள். சட்டத்தின் 27-ஆம் பிரிவு இந்த உரிமையை விட்டுவைத்திருக்கிறது. நியாயமற்ற வணிகப் போட்டிக்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லாததால், அதில் பெரும்பகுதியை இந்த வழக்குதான் சுமக்கிறது.

இரண்டும் மோதினால் எது வெல்லும்? திருநெல்வேலிக்காரர்கள் கண்ணெதிரே நடந்த வழக்கே பதில். இருட்டுக்கடை அல்வா தலைமுறைகளாக அந்தப் பெயரில் விற்றுவந்த கடை. இன்னொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். அவர் கையிலும் பதிவுச் சான்றிதழ் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015 மார்ச்சில் வந்த தீர்ப்பு மூத்த கடையின் பக்கம் நின்றது. முதலில் உபயோகித்தவரின் உரிமை பதிவுச் சான்றிதழை விட மேலானது என்பது இந்த வழக்கில் மீண்டும் உறுதியானது.

இதிலிருந்து "அப்படியானால் பதிவே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதிவு இருந்தால் நீதிமன்றத்தில் சான்றிதழை நீட்டினால் போதும், பேச்சு அங்கிருந்து தொடங்கும். இல்லாவிட்டால் எத்தனை ஆண்டாக, எந்தெந்த ஊரில், எவ்வளவு விற்றீர்கள் என்று ஒவ்வொன்றாக நிரூபிக்க வேண்டும். செலவும் காலமும் பல மடங்கு. ஆனால் இரண்டு வழியிலும் கடைசியில் உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: எந்தத் தேதியிலிருந்து? அதனால்தான் விண்ணப்பத்துக்கு முன்பே நம் வேலை தொடங்குகிறது.

முதல் வேலை: சான்றுக் கோப்பு

ஒரு சாதாரண பாக்ஸ் ஃபைல் வாங்குங்கள். முதுகில் பெயரை எழுதுங்கள். உள்ளே வரிசையாக:

1. அந்தப் பெயர் அச்சடித்த முதல் விற்பனை பில். கார்பன் காப்பியானாலும் சரி.
2. லேபிள் அல்லது கவர் அச்சடித்த அச்சகத்தின் பில். அதன் பின்னால் அந்த லேபிளிலேயே ஒன்றை ஸ்டேபிள் செய்யுங்கள்.
3. உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவு, ஜிஎஸ்டி சான்றிதழ்.
4. நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், கண்காட்சி ஸ்டால் ரசீது.
5. ஆண்டுவாரியாக விற்பனைத் தொகை, ஆடிட்டர் கையெழுத்துடன்.
6. சமூக ஊடகத்தில் போட்ட முதல் பதிவு, தேதி தெரியும்படி அச்செடுத்தது.

பில்லில் 'பொடி 10 கிலோ' என்று மட்டும் எழுதினால் அது பெயருக்குச் சான்றாகாது. 'இன்ன பெயர் இட்லிப் பொடி' என்று எழுத வேண்டும். பெரும்பாலான சிறு வியாபாரிகள் கோட்டைவிடும் இடம் இது. பத்து வருடம் விற்றிருப்பார்கள், பில் புத்தகம் முழுக்க வெறும் 'பொடி' என்றே இருக்கும்.

எச்சரிக்கை: தெர்மல் பேப்பர் பில் சில ஆண்டுகளில் வெளுத்துப்போகும். வந்த அன்றே நகலெடுத்து வையுங்கள்.

தேதியும் இடமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு டொயோட்டா நிறுவனமே சாட்சி. 'ப்ரியஸ்' காரை ஜப்பானில் 1997-இல் வெளியிட்ட நிறுவனம் அது. இந்தியாவில் வாகன உதிரி பாகம் விற்ற ஒரு நிறுவனம் 2001 முதல் அதே பெயரை வைத்திருந்தது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் புகழ் இருந்தால் போதாது, அந்தப் புகழ் 2001-இல் இந்தியச் சந்தைக்கு வந்து சேர்ந்திருந்தது என்று காட்ட வேண்டும். டொயோட்டாவால் காட்ட முடியவில்லை.

பெயர் தேர்வு: இங்கே சறுக்கினால் பின்னால் எழுவது கடினம்

பொருளையே விவரிக்கும் பெயருக்குப் பதிவு கிடைப்பது அரிது. 'சுத்தமான நல்லெண்ணெய்', 'மதுரை இட்லிப் பொடி' போன்றவை 9-ஆம் பிரிவில் அடிபடும். அடுத்த வியாபாரியும் தன் சரக்கைப் பற்றிச் சொல்ல அந்தச் சொற்கள் தேவை என்பதே காரணம். புகழ்ச்சிச் சொற்களும் அப்படித்தான். ஐடிசியின் நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்றிருந்தது. நெஸ்லே 'மேஜிகல் மசாலா' என்று போட்டது. ஐடிசி 2013-இல் வழக்குத் தொடர்ந்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 'மேஜிக்' என்பது பாராட்டும் சொல், 'மசாலா' எல்லோருக்கும் பொதுவான சொல். இரண்டையும் ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றமும் இதே திசையில் போனது. 'பிளெண்டர்ஸ் பிரைட்' விஸ்கி தயாரிக்கும் பெர்னோ ரிகார்ட், 'லண்டன் பிரைட்' என்ற பெயருக்கு இடைக்காலத் தடை கேட்டது. கிடைக்கவில்லை. 'பிரைட்' அந்தத் தொழிலில் பலரும் வைக்கும் சொல். ஒரு துண்டை மட்டும் பிய்த்தெடுத்து ஒப்பிடக் கூடாது, பெயரையும் லேபிளையும் முழுசாகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். கோடிக்கணக்கில் விளம்பரம் செய்த நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், 'ஸ்பெஷல்', 'ராயல்', 'கோல்டு' என்று பெயர் வைத்துவிட்டு நாம் எதை எதிர்பார்க்க முடியும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அடுத்தவரின் பெயரோடு முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 'ரெனைசான்ஸ்' என்பது பதிவான ஹோட்டல் பெயர். 'சாய் ரெனைசான்ஸ்' என்று பெங்களூரிலும் புட்டபர்த்தியிலும் நடத்தியவர்களைத் தடுத்தது உச்ச நீதிமன்றம், 2022 ஜனவரியில்.

பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டியவை இன்னும் சில:

- புவிசார் குறியீடு பெற்ற பெயர்கள். 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா', 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' தனியொருவரின் டிரேட்மார்க் ஆகாது. நீங்கள் அந்த ஊர்த் தயாரிப்பாளரானால் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்யுங்கள். அது வேறு விண்ணப்பம்.
- புனித நூல்களின் பெயர். 'ராமாயண்' என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியே பதிய முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.
- குடும்பப் பெயர் அல்லது அப்பா பெயர். வைக்கலாம். ஆனால் அண்ணன் தம்பி நாளைக்குப் பிரிந்தால் பெயர் யாருக்கு என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். சொத்துப் பத்திரத்தில் வீட்டைப் பிரித்து எழுதும் குடும்பங்கள் கடைப் பெயரை மறந்துவிடுகின்றன. சண்டை அங்கேதான் வருகிறது.

சரி, எது நல்ல பெயர்? பொருளோடு நேரடித் தொடர்பு இல்லாததோ புதிதாகப் புனைந்ததோ சிறந்தது. பொருளைச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவது அடுத்தது. விற்கத் தொடங்கும்போது பெயரை மனதில் நிறுத்தக் கொஞ்சம் உழைக்க வேண்டும். அந்த உழைப்பு உங்களுடையதாகவே நிற்கும்.

தேடல்: கவர் அச்சடிக்கும் முன்

அச்சகத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். பிளாஸ்டிக் பாக்கெட் கவருக்கு சிலிண்டர் வெட்டியபின் பெயரை மாற்றுவதென்றால் சிலிண்டர் காசு போயே போச்சு.

1. ஐபி இந்தியா இணையதளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் பக்கத்துக்குப் போங்கள். கட்டணம் கிடையாது.
2. உங்கள் பொருள் எந்த வகுப்பு என்று பாருங்கள். மொத்தம் 45 வகுப்புகள்: 34 பொருள்களுக்கு, 11 சேவைகளுக்கு. மசாலா, காபி, இனிப்பு 30-இல் வரும். ஊறுகாய், சமையல் எண்ணெய், நெய் 29-இல். சோப்பு 3-இல். ஆடை 25-இல். உணவகம் 43-இல். கடை நடத்துவது 35-இல்.
3. முதலில் எழுத்துத் தேடல். 'இதில் தொடங்குவது' என்று மட்டும் பார்த்து நிறுத்தாமல் 'இதைக் கொண்டிருப்பது' என்பதையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.
4. பிறகு ஒலித் தேடல். கேட்க ஒரே மாதிரி இருக்கும் பெயர்கள் இதில் வரும்.
5. பக்கத்து வகுப்புகளிலும் தேடுங்கள். 30-இல் பொடி விற்பவர் 29, 35, 43 மூன்றையும் பார்க்க வேண்டும்.
6. படச் சின்னமானால், படங்களை வகைப்படுத்தும் வியன்னா குறியீட்டு எண்ணை வைத்துத் தேட வேண்டும்.

நான்காவது படி தமிழ்ப் பெயர்களுக்கு உயிர்நாடி. ஒரு கற்பனைப் பெயரை வைத்துப் பார்ப்போம். உங்கள் பொடிக்குக் 'கமழி' என்று பெயர் வைக்கிறீர்கள். அழகான பெயர். ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது ழகரத்துக்குச் சிலர் இரண்டு எழுத்தைச் சேர்த்துப் போடுவார்கள், சிலர் லகரத்துக்குரிய ஒற்றை எழுத்தையே போடுவார்கள். ஒற்றை எழுத்தைப் போட்ட மறுகணம் அது 'கமலி' ஆகிவிடுகிறது. 30-ஆம் வகுப்பில் யாராவது 'கமலி' என்று மசாலா விற்றுக்கொண்டிருந்தால், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பதிவக ஆய்வாளர் அதை உங்கள் முன் வைப்பார். கடைக்காரர் வாயிலும் கமழி, கமலி ஆகத்தான் போகிறது. ஆகவே ழ, ள, ல மூன்றையும், ககரத்துக்கும் சகரத்துக்கும் வரும் மாற்று எழுத்துகளையும், ஒற்றை உயிர், இரட்டை உயிர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு பெயருக்குக் குறைந்தது எட்டுப் பத்து எழுத்துக்கூட்டல் தேடாமல் எழுந்திருக்காதீர்கள்.

தேடலில் வரும் ஒவ்வொரு பெயரின் நிலையையும் சொடுக்கிப் பாருங்கள். 'கைவிடப்பட்டது' என்றிருந்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். விண்ணப்பம் கைவிடப்பட்டிருக்கலாம், வியாபாரம் நடந்துகொண்டிருக்கலாம். முன்னுபயோகம்தான் பதிவை விட மேல் என்று பார்த்தோமே. ஆகவே பதிவேட்டோடு நில்லாமல் கூகுள், ஆன்லைன் விற்பனைத் தளங்கள், பக்கத்து மாவட்ட மொத்தக் கடைத்தெரு ஆகியவற்றிலும் விசாரியுங்கள்.

விண்ணப்பம்

1. விண்ணப்பதாரர் யார் என்று முடிவு செய்யுங்கள். தனிநபரா, கூட்டு நிறுவனமா, கம்பெனியா? யார் பெயரில் பில் போடுகிறீர்களோ அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள்.
2. படிவம் டிஎம்-ஏ. பழைய 74 படிவங்களை 2017 விதிகள் எட்டாகக் குறைத்துவிட்டன.
3. கட்டணம் ஒரு வகுப்புக்கு: தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் இணையவழியில் 4,500 ரூபாய், நேரில் 5,000. மற்றவர்களுக்கு 9,000, 10,000. தனிநபருக்கு எப்படியும் சலுகை உண்டு. கூட்டு நிறுவனமோ கம்பெனியோ ஆனால் சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழையோ ஸ்டார்ட்அப் சான்றிதழையோ இணைத்தால்தான் பாதிக் கட்டணம். இதை மறந்து இரட்டிப்பாகக் கட்டியவர்கள் பலர்.
4. இணையவழி விண்ணப்பத்துக்கு டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படும். நேரில் தருவதானால் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை கிண்டியில் உள்ள பதிவகம். ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், கேரளம், இலட்சத்தீவு ஆகியவற்றுக்கும் அதுவே.
5. சின்னத்தின் படம் 8 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.
6. தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால், அதன் ஒலிபெயர்ப்பும் பொருளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும். மொழி தமிழ் என்றும் குறிப்பிட வேண்டும்.
7. உபயோகத் தேதி. ஏற்கெனவே விற்றுவருகிறீர்கள் என்றால் முதல் உபயோகத் தேதியை எழுதி, பிரமாணப் பத்திரமும் சான்றுகளும் இணைக்க வேண்டும். இன்னும் தொடங்கவில்லையென்றால் 'உபயோகிக்க உத்தேசம்' என்று போடுங்கள்.

ஏழாவது கட்டத்தில் கை நடுங்க வேண்டும். சில ஏஜென்டுகள் "பழைய தேதி போட்டா வெயிட்டா இருக்கும் சார்" என்பார்கள். போடாதீர்கள். பத்து வருடம் கழித்து வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தொடும் இடம் இதுதான். பில் இல்லாத தேதியை எழுதிப் பிரமாணம் செய்திருந்தால், உண்மையான தேதிக்கும் மதிப்பு இல்லாமல் போகும். உங்கள் பாக்ஸ் ஃபைலில் உள்ள மிகப் பழைய காகிதத்தின் தேதியே உங்கள் தேதி.

குறிப்பு 1: பெயரைத் தனியாகவும் லோகோவைத் தனியாகவும் பதிவது நல்லது. பணம் ஒன்றுக்கு மட்டும் இருந்தால் பெயருக்குச் செய்யுங்கள். லோகோ ஐந்து வருடத்தில் மாறும், பெயர் மாறாது.

குறிப்பு 2: லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள். நிறம் குறிப்பிடாமல் பதிந்தால் எல்லா நிறங்களுக்கும் பதிந்ததாகச் சட்டம் கருதுகிறது. சிவப்பு மஞ்சளில் பதிந்தால் பாதுகாப்பு அந்த நிறச் சேர்க்கைக்குள் சுருங்கலாம்.

குறிப்பு 3: லோகோவை வரைந்து தந்தவர் உங்கள் ஊழியராக இல்லாவிட்டால் அதன் பதிப்புரிமை அவரிடமே இருக்கக்கூடும். பணம் கொடுத்த அன்றே உரிமையை மாற்றி எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

எழுத்தும் படமும் மட்டுமல்ல, ஒலியையும் பதியலாம். 30 வினாடிக்கு மிகாத எம்பி3 கோப்பு தர வேண்டும். 2025 நவம்பரில் சுமிடோமோ ரப்பர் நிறுவனத்தின் டயருக்கு ரோஜா மணத்தை டிரேட்மார்க்காகப் பதிவகம் ஏற்றுக்கொண்டது. மணத்துக்கு இந்தியாவில் இதுவே முதல் முறை. மசாலாவின் மணத்தைப் பதியலாமே என்று ஆசைப்பட வேண்டாம். டயருக்கு ரோஜா மணம் இயல்பில் வராது, அதனால்தான் அது அடையாளமாகிறது. மசாலாவுக்கு மணம் பிறவியிலேயே உண்டு.

விண்ணப்பித்த பின் வரும் கெடுக்கள்

விண்ணப்ப எண் கிடைத்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று சிறிதாகப் போடலாம். வட்டத்துக்குள் ஆர் குறியைப் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகே போட வேண்டும். முன்கூட்டிப் போடுவது 107-ஆம் பிரிவின்படி தவறு. முன்பு சிறைத் தண்டனை இருந்தது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டு, விற்பனையில் அரை சதவீதம் அல்லது 5 லட்சம் ரூபாய், இதில் எது குறைவோ அதை அபராதமாக்கியது. அச்சகத்துக்காரர் தானாகவே அந்தக் குறியைச் சேர்த்து அச்சடிப்பதும் நடக்கிறது. புரூஃப் பார்க்கும்போது கவனியுங்கள்.

அடுத்து வருபவை:

1. ஆய்வறிக்கை. ஆட்சேபம் இருந்தால், கிடைத்த 30 நாளுக்குள் பதில். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வருவதுதான். ஆய்வாளர் காட்டிய ஒவ்வொரு பெயருக்கும் உங்கள் பெயருக்கும் உள்ள வேறுபாட்டைத் தனித்தனியே எழுதுங்கள்.
2. தேவைப்பட்டால் நேர்முக விசாரணை. காணொளியில் நடக்கும்.
3. டிரேட்மார்க் ஜர்னலில் வெளியீடு. வாரம் ஒருமுறை வரும்.
4. வெளியானதிலிருந்து 4 மாதம். இதற்குள் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம்.
5. எதிர்ப்பு வந்தால், அதன் நகல் கிடைத்த 2 மாதத்துக்குள் பதில் மனு. தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கெடு நீட்டிப்பு கிடையாது. இங்கே வழக்கறிஞர் கட்டாயம்.

கடிதங்கள் மின்னஞ்சலில்தான் வருகின்றன. ஏஜென்டின் மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டு, அவர் தொழிலை விட்டுப் போனபின் கெடு தாண்டியதே தெரியாமல் உரிமையை இழப்பவர்கள் உண்டு. உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள்.

பாதுகாப்பு எச்சரிக்கை: விண்ணப்ப விவரங்கள் எல்லோருக்கும் தெரியும்படி இணையத்தில் இருப்பதால், "உங்கள் பதிவு ரத்தாகப்போகிறது, உடனே பணம் அனுப்புங்கள்" என்று போனும் கடிதமும் வரும். அரசு முத்திரை மாதிரியே அச்சடித்திருப்பார்கள். பதிவகம் போன் செய்து பணம் கேட்காது. கட்டணம் கட்டும் இடம் அரசு தளம் மட்டுமே.

நீங்களும் ஜர்னலைப் பாருங்கள். உங்கள் பெயரை ஒத்த விண்ணப்பம் வந்தால் 4 மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் எதிர்க்கலாம். இணையவழிக் கட்டணம் வகுப்புக்கு 2,700 ரூபாய். அந்த நாலு மாதத்தைத் தவறவிட்டால், பதிவை நீக்கக் கோரிப் பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போட வேண்டியிருக்கும்.

ஒருவர் உங்கள் பெயரைக் காப்பியடித்தால்

கோபம் வரும். முகநூலில் 'திருடன்' என்று எழுதக் கை பரபரக்கும். எழுதாதீர்கள். அவதூறு வழக்கை அவர் கையில் நீங்களே கொடுத்ததாகிவிடும். வரிசை இதுதான்:

1. அவருடைய பாக்கெட்டைப் பணம் கொடுத்து வாங்குங்கள். பில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வெவ்வேறு கடைகளில் வாங்கினால் நல்லது.
2. பாக்கெட்டைப் பிரிக்காமல் உறையிலிட்டு, வாங்கிய தேதி, கடை, சாட்சி பெயர் எழுதி வையுங்கள்.
3. பதிவேட்டில் அவர் பெயரைத் தேடுங்கள். அவரிடம் உங்களுக்கு முந்தைய உபயோகத் தேதி இருக்கிறதா? இருந்தால் நின்று யோசியுங்கள்.
4. வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ். ஆதாரமில்லாமல் மிரட்டல் நோட்டீஸ் அனுப்பினால், 142-ஆம் பிரிவின்படி அவரே உங்கள் மீது வழக்குப் போடலாம்.
5. ஆன்லைனில் விற்றால் அந்தத் தளத்தில் புகார் செய்யுங்கள். பதிவு எண் கேட்பார்கள். தளத்தின் பொறுப்பு எதுவரை என்பது இன்னும் முடியாத கேள்வி. 2025 பிப்ரவரியில் ஒரு டிரேட்மார்க் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற தனி நீதிபதி அமேசான் குழும நிறுவனம் ஒன்றுக்குச் சுமார் 340 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தார். ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது.
6. வழக்கு.

வழக்குக்குப் போகும் வழி அண்மையில் மாறியிருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துப் பிரிவு 2023 ஏப்ரலில் வந்திருக்கிறது. இன்னொரு மாற்றம்: அவசரத் தடை கேட்காத வணிக வழக்கானால், முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சமரசத்தைத் தவிர்ப்பதற்காகவே பொய்யாக அவசரம் காட்டக் கூடாது என்று 2023 அக்டோபரில், அதுவும் ஒரு டிரேட்மார்க் வழக்கிலேயே, சொன்னது. ஆகவே தடை வேண்டுமானால் தெரிந்த உடனே போங்கள். தெரிந்தே தொடர்ந்து 5 ஆண்டு சும்மா இருந்துவிட்டால், பதிவு செய்துகொண்டவரை எதிர்க்கும் உரிமையே 33-ஆம் பிரிவின்படி போய்விடக்கூடும்.

அச்சு அசலாகப் போலி என்றால் போலீஸ் வழியும் உண்டு. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். சோதனையிட்டுக் கைப்பற்ற டிஎஸ்பி அந்தஸ்தில் அதிகாரி வேண்டும், அதற்கு முன் பதிவாளரின் கருத்தையும் பெற வேண்டும்.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால்

கிழித்துப் போடவும் வேண்டாம், அன்றைக்கே போன் செய்து மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். பாக்ஸ் ஃபைலை எடுத்து உங்கள் முதல் தேதியைப் பாருங்கள். அவருடைய உபயோகத்துக்கும் பதிவுக்கும் முன்பிருந்தே நீங்கள் விற்றுவந்தால், 34-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். பெரிய கம்பெனி என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. அவர் முந்தியவரென்றால், கையிருப்புச் சரக்கை விற்று முடிக்க அவகாசம் கேட்டு, பெயரை மாற்றிவிடுவதே மலிவான வழி.

விளம்பரத்தில் எல்லை

உங்கள் சரக்கு உயர்ந்தது என்று சொல்லலாம். அடுத்தவர் சரக்கு மட்டம் என்று சொல்லக் கூடாது, பெயர் சொல்லாவிட்டாலும்கூட. 'சாதாரண' சியவனப்பிராசம் என்று மற்றவற்றை இளக்காரமாகக் காட்டிய பதஞ்சலி விளம்பரத்துக்கு, டாபர் தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தடை ஓரளவு தளர்த்தப்பட்டது. எந்தச் சொல் நிற்கும், எது நிற்காது என்று வார்த்தை வார்த்தையாக வாதாட வேண்டிவந்தது என்பதே நமக்குப் பாடம்.

கூகுளில் போட்டியாளர் பெயரைத் திறவுச்சொல்லாக வாங்கி விளம்பரம் போடுவது பற்றி 2023 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது: அப்படி வாங்குவதே தவறாகிவிடாது. பார்ப்பவர் குழம்பினால் தவறு. விளம்பர வரியில் போட்டியாளரின் பெயரைப் போடாதீர்கள், உங்கள் பெயர் தெளிவாகத் தெரியட்டும்.

10 ஆண்டுக்கு ஒருமுறை

பதிவு 10 ஆண்டு செல்லும். காலம் முடிய ஓராண்டு இருக்கும்போதே டிஎம்-ஆர் படிவத்தில் புதுப்பிக்கலாம். இணையவழிக் கட்டணம் எல்லோருக்கும் வகுப்புக்கு 9,000 ரூபாய். தாமதமானால் 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு கட்டலாம். பதிந்துவிட்டு உபயோகிக்காமலும் விடாதீர்கள். தொடர்ந்து 5 ஆண்டும் 3 மாதமும் சந்தையில் இல்லாவிட்டால், நீக்கச் சொல்லி, அதனால் பாதிக்கப்படுபவர் மனுப் போடலாம். ஆகவே சான்றிதழ் வந்த பிறகும் பாக்ஸ் ஃபைலுக்கு வேலை இருக்கிறது. ஆண்டுக்கு நாலு பில்லாவது அதில் சேர வேண்டும்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன் ஒரு வேலை. உங்கள் முதல் பில் புத்தகம் எந்தப் பரணில் இருக்கிறது என்று இன்றே தேடி எடுங்கள். பெயர் எழுதிய முதல் பக்கத்தைப் படம் பிடித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.